பிரேக் சாரின் இருபது வருஷ வயிற்று வலி

என் வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. "பிரேக் சார் வீடு எது?" என்று கேட்டால் கைப்பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங் முன்னால் உட்காருவார், இவர் பக்கத்து சீட்டில். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் இவருடைய கால் தூங்குகிற பூனை மாதிரி படுத்திருக்கும், சமயத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் அந்தக் காரில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று சொல்ல ஆசைதான். ஒன்று இருக்கிறது. அது நான் ரிவர்ஸ் எடுத்தபோது விழுந்தது. அதைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.

காருக்கு இரண்டு பிரேக் வைத்திருக்கும் இந்த மனிதருக்கு வாய்க்கு ஒன்றுகூடக் கிடையாது. பால் போடுகிறவர், தபால்காரர், ராங் நம்பரில் கூப்பிட்டவர் என்று யார் கிடைத்தாலும் ஒரு வார்த்தை கிண்டலாகச் சொல்லாமல் அனுப்ப மாட்டார். எங்கள் டிரைவிங் ஸ்கூல் என்பது சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் ஒரே ஓர் அறை. சுவரில் சாலைக் குறியீடுகள் போட்ட சார்ட், ஒரு மேஜை, மூன்று நாற்காலி, நாற்சந்தியில் எப்படித் திரும்ப வேண்டும் என்று காட்டுவதற்கு நான்கு பொம்மைக் கார்கள். அதில் ஒன்றுக்குச் சக்கரம் இல்லை. "இதை ஓட்டினவர் நான் சொன்னதைக் கேட்கலை" என்பார். மேஜைக்குப் பின்னால் நான் உட்கார்ந்து யாருக்கு எந்த நேரம் என்று குறித்துக்கொடுப்பேன். ஆக, அவர் அடிக்கிற ஜோக் எல்லாம் முதலில் என் காதில்தான் விழும். ஆயிரம் தடவை கேட்ட ஜோக்குக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது தனிப் பாடம். அதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனால் ஒன்று, அந்த ஜோக் எல்லாம் சும்மா இல்லை. எங்களிடம் ஒரு தையல்காரம்மா கற்றுக்கொள்ள வந்தார். பேரப்பிள்ளைகள் எடுத்தவர். ஊசியில் நூல் கோக்கும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைத் தொட்டதும் உதறியது. உதறுவதை மறைக்க இரும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். இவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஏம்மா, ஸ்டியரிங் என்ன உங்க மருமகனா, விட்டா ஊருக்கு ஓடிப்போயிடும்னு இப்படிப் புடிச்சிருக்கீங்க?" அந்தம்மா சிரித்தார். சிரித்ததும் தோள் இறங்கியது, விரல் தளர்ந்தது. அதே நொடியில் இவர், "இப்ப கிளச்சை விடுங்க" என்றார். கார் குலுங்காமல் நகர்ந்தது.

"பயந்திருக்கவங்ககிட்ட 'பயப்படாதீங்க'ன்னா இன்னும் கொஞ்சம் பயப்படுவாங்க. சிரிக்க வச்சா கை தானா தளரும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். தொழில் ரகசியம் என்று அவருக்கு இருந்தது அவ்வளவுதான்.

வலி வந்ததும் அந்தத் தையல்காரம்மாவுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில்தான். சிக்னலில் நின்றிருந்த காரில் இவர் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். காலை மட்டும் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை. அந்தம்மா அதுவரை இரண்டாவது கியரைத் தாண்டியதில்லை. அன்றும் தாண்டவில்லை. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்ட, இரண்டாவது கியரிலேயே ஆஸ்பத்திரி வாசல்வரை ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். நடுவில் இவர் வலியோடு வலியாக "இண்டிகேட்டர் போடுங்கம்மா" என்றாராம். அந்தம்மாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

நான் போய்ச் சேர்ந்தபோது இவரை அவசரப் பிரிவுக் கட்டிலில் போட்டிருந்தார்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது. அந்த மனிதரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. கட்டில் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகையை அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அப்போது சின்ன டாக்டர் ஒருத்தி வந்தாள். என் கண்ணுக்குச் சின்னப் பெண்ணாகத்தான் தெரிந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் அட்டை, அட்டையில் கேஸ் ஷீட்.

"வலி எவ்வளவு நாளா இருக்கு?" நிமிராமல் கேட்டாள்.

இவர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் சொன்னார்: "இவ சமையலைச் சாப்பிட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, டாக்டர். இருபது வருஷமாச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தேன். மூக்கு ஒழுக, வாயைப் பொத்திக்கொண்டு, அசிங்கமாக. சின்ன டாக்டர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

பித்தப்பையில் கல். அடைத்துக்கொண்டு சீழ் பிடித்துவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள். உடனே ஆபரேஷன். பிறகு சில நாள் தீவிர சிகிச்சை. மனிதர் பிழைத்து எழுந்து உட்கார்ந்தார். அந்தச் சந்தோஷத்தில் பில்லைப் பார்த்தபோதுகூட எனக்கு மயக்கம் வரவில்லை. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியம்தான். சில வருஷங்களுக்கு முன்னால் எடுத்த பாலிசி, ஒரு தவணை தவறியதில்லை. ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் மேஜையில் இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒப்புதல் வரலைம்மா. இப்ப நீங்க கட்டிடுங்க, அப்புறம் க்ளெய்ம் பண்ணி வாங்கிக்கலாம்" என்றார்.

கட்டுவதற்கு எங்களிடம் இருந்தது கார் ஒன்றுதான். பழைய கார் வாங்கி விற்கும் ஒருவரிடம் அதை அடமானம் வைத்தோம். நல்ல மனிதர், காரை எங்களிடமே விட்டு வைத்தார். ஆனால் கெடு ஒன்று வைத்தார். அதற்குள் இன்சூரன்ஸ் பணம் வந்தால் கார் எங்களுக்கு, வராவிட்டால் அவருக்கு. கார் போனால் ஸ்கூல் போனது மாதிரி. பக்கத்து சீட்டில் பிரேக் இல்லாமல் பிரேக் சார் எங்கே உட்காருவார்?

க்ளெய்ம் போட்டோம். காத்திருந்தோம். பதில் வந்தது, கொடுக்க முடியாது என்று. நோயாளிக்கு இருபது வருஷமாக வயிற்று வலி இருந்திருக்கிறது, பாலிசி எடுக்கும்போது அதை மறைத்துவிட்டார் என்பது காரணம்.

அந்த இருபது வருஷத்தை வாசித்ததும் எனக்குப் பொறி தட்டியது. கட்டில், கம்பி, சின்ன டாக்டரின் அட்டை எல்லாம் கண்முன் வந்தன. என் சமையலைக் கிண்டல் செய்த கிண்டல், எழுத்தில் ஏறி, நோயாக மாறி, எங்கள் வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறது!

அன்று நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். நாக்கில் சனி, எமன் வாசலில் நின்றுகொண்டும் ஜோக் கேட்கிறதா, இனிமேல் அந்த வாயைத் திறந்து பாருங்கள் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். பதிலுக்கு ஏதாவது குறும்பாகச் சொல்வார், நானும் கத்தித் தீர்த்துவிட்டு அடங்கிவிடலாம் என்று இருந்தேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். போனில் கூப்பிட்டால் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்தால், எங்கள் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிட்டு மறுபடி பாட்டுப் போட்டார்கள். நேரில் போனால் கண்ணாடிக் கவுண்டர், டோக்கன், பிளாஸ்டிக் நாற்காலி. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அது ஜோக்கும்மா. என் சமையலைச் சொன்னார்."

"புரியுதும்மா. ஆனா சார் சொன்னதைத்தான் டாக்டர் எழுதியிருக்காங்க. டாக்டர் எழுதினதைத்தான் நாங்க படிக்கிறோம்."

நான் எழுந்தபோது அந்தப் பெண் கண்ணாடிக்கு அடியில் இருந்த சந்து வழியாகக் குரலைத் தணித்துச் சொன்னாள்: "இங்கயே அலையாதீங்க. இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கத் தனி அலுவலகம் இருக்கு. அங்க மனு போடுங்க. வக்கீல் வேண்டாம், செலவு இல்ல. எழுதின டாக்டரைக் கையோட கூட்டிட்டுப் போக முடிஞ்சா நல்லது." சொல்லிவிட்டு, எதுவும் சொல்லாதவள் மாதிரி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். தன் சம்பளம் வருகிற இடத்திலேயே எனக்கு வழி காட்டியவள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

மனுவைப் போட்டுவிட்டுச் சின்ன டாக்டரைத் தேடிப் போனேன். குழந்தைகள் பிரிவுக்கு மாறியிருந்தாள். வராந்தா பெஞ்சில், அழுகிற குழந்தைகளுக்கு நடுவில் காத்திருந்து பிடித்தேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. சமையல் என்றதும் தெரிந்துவிட்டது. க்ளெய்ம் மறுத்த கதையைச் சொன்னேன். முகம் வெளுத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது... நான் எழுதினதாலயா?"

"நீங்க வேணும்னு செய்யலைம்மா. விசாரணைக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பெரிய டாக்டர்கிட்ட கேக்கணும். ஆஸ்பத்திரி ரெக்கார்டு தப்புன்னு நானே வெளியில போய்ச் சொன்னா..." அவள் பயம் எனக்குப் புரிந்தது. வேலைக்குச் சேர்ந்து முழுசாக ஒரு வருஷம் ஆகாத பெண். விசாரணை எங்கே, எப்போது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வருவாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

இதற்கு நடுவில் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தை இவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். உடம்பு தேறிப் பாடம் எடுக்கப் போனவர், காரில் வாயைத் திறக்கவே இல்லையாம். "கிளச். கியர். விடுங்க." அவ்வளவுதான் பாடம். ஏறின ஆள் எல்லாம் விறைத்துப்போய் உட்கார்ந்தார்கள். வண்டி எங்கே பார்த்தாலும் ஆஃப் ஆகி நின்றது. லைசென்ஸ் பரீட்சைக்குப் போனவர்கள் வரிசையாக ஃபெயில். தையல்காரம்மா என் மேஜைக்கு வந்து, "சாருக்கு இன்னும் உடம்பு சரியாகலையா? எனக்கு அவர் பக்கத்துல உக்காரவே பயமா இருக்கு" என்றார். அடமானம் பிடித்தவர் அடிக்கடி வந்து, மாட்டை விலை பேசுகிறவர் மாதிரி காரைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கும் இவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் பேசாதீர்கள் என்றேன். அந்த வீட்டின் அமைதி தாங்காமல் தவித்ததும் நான்தான்.

கெடு முடிய இன்னும் கொஞ்ச நாளே இருந்தபோது விசாரணை வந்தது. கோர்ட்டு மாதிரி இருக்கும் என்று நினைத்து நடுங்கிக்கொண்டு போனேன். நீளமாக ஒரு மேஜை, தண்ணீர் பாட்டில், சுவரில் ஓடாத கடிகாரம், அவ்வளவுதான். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருந்த ஓர் அம்மா விசாரணை அதிகாரி. எதிரில் இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி, நல்ல சட்டை, நல்ல பேச்சு. எங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது.

கம்பெனிக்காரர் சுருக்கமாகச் சொன்னார். "மேடம், இவங்க இதை ஜோக்குன்னு சொல்றாங்க. பித்தப்பை சீழ் பிடிச்சு, ஆபரேஷனுக்குத் தூக்கிட்டுப் போற நிலைமையில இருக்கிற ஒருத்தர் ஜோக் அடிப்பாரா? அந்த வலியில மனுஷன் உண்மையைத்தான் சொல்வான்."

என்ன கேள்வி! நானே அதைத்தானே கேட்டுக் கத்தினேன்.

அதிகாரி அம்மா இவர் பக்கம் திரும்பினார். "நீங்க அப்படிச் சொன்னீங்களா?"

"சொன்னேன் மேடம்."

"வலி இருபது வருஷமா இருந்துச்சா?"

"இல்ல மேடம். அன்னைக்குத்தான்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க? அவர் கேக்கிறது நியாயம்தானே? துடிச்சுக்கிட்டு இருக்கிறவருக்கு ஜோக் எப்படி வரும்?"

இவர் நெடுநேரம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ நாளாகப் பேசாத மனிதர். இங்கேயும் பேசாமல் இருந்துவிடப் போகிறாரே என்று எனக்குப் பதைத்தது. பிறகு தன் இரண்டு கையையும் தூக்கி, இல்லாத ஒரு ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிக் காட்டினார்.

"இவ கட்டில் கம்பியை இப்படிப் புடிச்சிருந்தா மேடம். நான் டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவன். விரல் மூட்டு வெள்ளையாத் தெரிஞ்சா அவங்க எவ்வளவு பயந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியும். அப்படிப் புடிச்சிருந்தாங்கன்னா நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். அதான் என் பழக்கம். வலி எனக்கு இருந்துச்சு. பயம் இவளுக்கு இருந்துச்சு. வலியைப் பார்க்க அங்க டாக்டர் இருந்தாங்க. இவ பயத்தைப் பார்க்க யாருமே இல்ல. அதான் சொன்னேன்."

அந்த அறையில் நான் இருந்த இடம் எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் அந்த ஜோக்கை அவர் ஊருக்காக அடித்தார் என்று நினைத்திருந்தேன். அது எனக்காக அடித்த ஜோக். உயிர் போகிற வலியில் படுத்துக்கொண்டு, என் விரலைப் பார்த்திருக்கிறார் மனிதர்.

அதிகாரி அம்மா என்னைப் பார்த்தார். "நீங்க சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்" என்றேன்.

"சிரிச்சாங்க."

சொன்னது வாசலிலிருந்து வந்த குரல். சின்ன டாக்டர் நின்றிருந்தாள், மூச்சு வாங்க, தோளில் பை தொங்க. லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். காலி நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னாள்.

"அந்தக் கேஸ் ஷீட்டை எழுதினது நான்தான் மேடம். எவ்வளவு நாளான்னு ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பணும்னு கேட்டேன். இருபது வருஷம்னார், எழுதிட்டேன். இந்தம்மா சிரிச்சது என் காதுல விழுந்துச்சு. நான் நிமிர்ந்து பார்க்கலை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தா ஜோக்குன்னு தெரிஞ்சிருக்கும். தப்பு என்னோடது, இவங்களோடது இல்ல."

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டார். கம்பெனிக்காரரிடம் கேட்டார்: "இருபது வருஷத்துல இவர் வயித்து வலின்னு எந்த டாக்டர்கிட்டயாவது போனதுக்கு, ஒரு ஸ்கேன் எடுத்ததுக்கு, ஒரு மாத்திரை வாங்கினதுக்கு உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?"

"இல்ல மேடம். இந்த ஒரு வரிதான்."

"அந்த வரியை எழுதினவங்களே இல்லைன்னுட்டாங்க" என்றார் அந்த அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். சிரிப்பு உதட்டுக்கு வராமல் கண்ணிலேயே நின்றது. "விசாரணைக்காகக் கேக்கலை. சமையல் அவ்வளவு மோசமாம்மா?"

"இருபது வருஷமா ரெண்டாவது தடவை ஏன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்னு அவரையே கேளுங்க மேடம்" என்றேன். கம்பெனிக்காரரும் சிரித்துவிட்டார், பாவம். அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள்.

உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. கெடுவுக்கு முன்னால் பணமும் வந்தது. அடமானக்காரர் கடைசியாக ஒருமுறை டயரை உதைத்துவிட்டு, "நல்ல வண்டி சார், கிடைக்கலையேன்னு எனக்கு வருத்தம்தான்" என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போனார். அவர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. அவர் நம்பிக் கொடுத்திருக்காவிட்டால் ஆஸ்பத்திரி பில்லை எப்படிக் கட்டியிருப்போம்?

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது கியரில் ஓட்டி வந்த தையல்காரம்மா, கண்ணாடிச் சந்து வழியாகப் பேசிய பெண், சங்கிலிக் கண்ணாடி அம்மா, இரண்டு பஸ் மாறி வந்த அந்தப் பிள்ளை. எங்களுக்கு இவர்களில் ஒருத்தரும் சொந்தமில்லை. ஒருத்தர் விலகிப்போயிருந்தாலும் கார் இல்லை, அல்லது மனிதரே இல்லை. யார் யாரோ பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எங்களுக்காகப் பிரேக்கில் கால் வைத்திருந்திருக்கிறார்கள். இதற்கு நான் எந்த வாயால் நன்றி சொல்வது!

எல்லாம் சரியாகியும் இவருக்கு மட்டும் பழைய பேச்சு திரும்பவில்லை. ஒரு நாள் ஸ்கூல் வாசலில் சின்ன டாக்டர் வந்து நின்றாள். பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்துவிட்டதாம், கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அவளிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று நான், வாங்கத்தான் வேண்டும் என்று அவள். கடைசியில் பாதிக்குச் சம்மதித்தாள். முதல் பாடத்துக்கு நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. கிளச்சை விட்டாள். கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிட்டது. மறுபடியும் அதேதான். இவர் "கிளச். கியர்" என்றதோடு சரி. யாரிடம் ஜோக் அடித்து மாட்டிக்கொண்டாரோ அதே ஆள் பக்கத்தில். எப்படி வாய் வரும்?

பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று அவளே கேட்டாள்: "சார், நீங்க எத்தனை வருஷமா சொல்லிக்கொடுக்கிறீங்க?"

இவர் வாயைத் திறந்தார். மூடினார். நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். ஸ்கூல் பையனைப் போல அனுமதி கேட்கிற பார்வை.

"சொல்லுங்களேன்" என்றேன்.

"பின்னாடி உக்காந்திருக்காங்களே, இவங்க ரிவர்ஸ் எடுத்துக் கோட்டைச் சுவர்ல மோதிக் காருக்குக் கீறல் போட்டாங்க டாக்டர். அந்தச் சுவர் கட்டின காலத்துலேர்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஐந்நூறு வருஷம் இருக்கும்."

"டாக்டர்," என்றேன் நான், "தயவுசெஞ்சு இதை எழுதிடாதீங்க."

அவள் வாயைப் பொத்தக்கூட மறந்து சிரித்தாள். தோள் இறங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"இப்ப கிளச்சை விடுங்க" என்றார் பிரேக் சார்.